கேப் சரியா இருக்கு

ஜூன் 9, திங்கள்

முதலில் ஒரு தவறை எழுதிவிடுகிறேன். நேற்றுச் சாப்பிடும்போது அத்தான், "கார்ல காயிலை மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்ல?" என்று கேட்டார். என் வாய் நிறையச் சாப்பாடு. தலையை ஆட்டினேன். நான் ஆட்டியது 'தெரியல, பார்க்கலாம்' என்ற பக்கவாட்டு ஆட்டல். அவர் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு, நான் தட்டைக் கழுவி வைப்பதற்குள் ஆர்டர் போட்டுவிட்டார். மென்று விழுங்கிவிட்டு வாயைத் திறந்திருக்கலாம்.

இன்று மதியம் குடும்பக் குழுவில் அவருடைய செய்தி வந்தது: "புது கோயில் நாளைக்கே வருது. எல்லாம் மச்சினி குடுத்த தைரியம்." உடனே அக்கா பதில் போட்டாள்: "எந்தச் சாமிக்கு?" அத்தானுக்குத் தமிழில்தான் செய்தி அனுப்ப வேண்டும் என்ற பிடிவாதம் உண்டு. எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை கிடையாது; பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தருகிற காயில், கோயில் ஆகிவிட்டது.

விஷயம் அக்காவின் கார். இரண்டே இருக்கை, துணிக்கூரை, தரையோடு தரையாக உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. குழந்தைகள் வார்டில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், யாரிடமும் கேட்காமல் அவளே பார்த்து, அவளே பிடித்துப்போய் வாங்கியது. கல்யாணத்துக்கும் அதில்தான் வந்தாள். நான் அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்கி, பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து, மாலையில் வாகன மின்சார வகுப்புக்குப் போகிறேன். அந்த வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணமே அந்தக் கார்தான். அக்காவிடம் இதை நான் சொன்னதில்லை.

போன மாதம் மழை பெய்த ஒரு காலையில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலுள்ள மேம்பாலத்தின் ஏற்றத்தில் கார் இருமியது. பிறகு குலுங்கியது. பிறகு நின்றே போனது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டன. காய்ந்த நாளில் ஒரு குறையும் இல்லை; மழையில் ஏற்றம் என்றால் மட்டும் இந்தக் கூத்து. இரண்டாவது முறையும் அப்படி ஆனதும் அக்கா பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டாள். அவள் வார்டு டாக்டர் ஒருவர் அந்தக் காரைத் தமக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்க வருகிறார்.

"அதுக்குள்ள மழையில ஒரே ஒரு தடவை இருமாம அந்தப் பாலத்துல ஏறட்டும், வச்சுக்கறேன். இல்லன்னா சாவியைக் குடுத்துடுவேன்" என்றாள் அக்கா. "எனக்கு இனிமே நடு ரோட்ல நின்னு அழ முடியாது."

அழுதாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்டேன். தெருவில் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் காருக்கு வெளியிலிருந்து வாங்கிய வீரியமான காயில், தடித்த ஒயர், உயர்ந்த ரக ஸ்பார்க் பிளக் எல்லாம் போட்டால் பயன் உண்டா?

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கடைசி வரிசை லிஃப்ட் மெக்கானிக், "போட்டுப் பாருங்க, வண்டி சும்மா கிழிக்கும்!" என்றார். எனக்குப் பக்கத்தில் உட்காரும் சலவைக் கடைக்காரம்மா விடவில்லை.

"அடுப்பைத் தீக்குச்சியால பத்த வச்சா என்ன, தீப்பந்தத்தால பத்த வச்சா என்ன? எரியறது அதே கேஸ்தானே?"

"காத்தடிச்சா குச்சி அணைஞ்சிடும்மா. பந்தம் அணையாதுல்ல?"

"ஜன்னலைச் சாத்துங்க!"

எல்லோரும் சிரித்தோம். பிறகு பாடம் வேறு பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். சலவைக் கடைக்காரம்மா சொன்னபடி பார்த்தால், பொறி ஒழுங்காக விழுந்து பெட்ரோல் பற்றிக்கொண்டுவிட்டால் அதற்கு மேல் பெரிய பொறியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பந்தயக் கார்களின் இன்ஜினில் அடைத்துத் திணிக்கிற காற்றில் பொறி அணைந்துபோகும். அங்கே வேண்டுமானால் பந்தம் தேவைப்படலாம். அக்காவின் கார் நர்ஸ் வேலைக்குப் போய்வருகிற கார். அப்படியானால் எங்கள் வீட்டில் எந்த ஜன்னல் திறந்திருக்கிறது? நான் நினைப்பது சரிதானா என்றும் தெரியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்னைவிட அனுபவம் அதிகம்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில், பழைய பிளக்குகள் நான்கையும் கழற்றினேன். பிளக்கின் நுனியில் பொறி தாண்டுவதற்கென்று ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. ஃபீலர் கேஜ் என்ற எஃகுத் தகடுகளை நுழைத்து அதை அளந்தேன். நான்கும் கார் கம்பெனி சொன்ன 0.8 மில்லிமீட்டர். கடையில் நான் மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்றபடி வில்லை தேய்க்கிறவள். இப்படிப்பட்ட அளவுகள்தான் எனக்கு நிம்மதி.

அப்போதே அத்தானின் செய்தி: "கேப் எப்படி இருக்கு? மாத்தணுமா?"

"கேப் சரியா இருக்கு அத்தான். நாலையும் அளந்து பார்த்துட்டேன்" என்று பதில் போட்டேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினார்.

ஜூன் 11, புதன்

பெட்டி நேற்றே வந்துவிட்டது. சிவப்புக் காயில், சிவப்பு ஒயர்கள், நான்கு பிளக்குகள். பெட்டியைப் பிரித்ததும் அத்தான், பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலக் காயிலைப் பார்த்தார்.

"கலரைப் பாரு! இதுக்கே வேகம் இருபது மைல் கூடும்."

"கலருக்கா?"

"ஆரம்பிச்சிட்டா! உங்கக்கா சும்மாவா உனக்குச் சந்தேகம்னு பேர் வச்சா."

ஒயர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒன்றைப் பிடுங்கி, அதே இடத்தில் புதியதைச் செருகி, பிறகு அடுத்தது. அப்போதுதான் வரிசை குழம்பாது. காயிலோடு வந்த தாளில், பொறி வலுவாக இருப்பதால் பிளக் இடைவெளியை 1.3 வரை கூட்டலாம் என்று போட்டிருந்தது. கூட்டினேன். தயக்கத்தோடுதான். ஆனால் கூட்டினேன்.

வேலை முடிந்ததும் அத்தான் ஊரைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்தார். வெயில் இன்னும் இருந்தது.

"பறக்குது! மிதிக்கக்கூட வேண்டாம், மனசுல நெனச்சாப் போதும்."

அக்காவும் பக்கத்து இருக்கையில் போயிருந்தாள். "நல்லாத்தான் இருந்த மாதிரி இருந்தது" என்றாள். இந்த 'மாதிரி' என்னைத் தூங்கவிடவில்லை. காய்ந்த நாளில் அது எப்போதுமே நன்றாகத்தானே ஓடிற்று?

ஜூன் 12, வியாழன்

எங்கள் கடையில் கண் பரிசோதிப்பவருக்கு ஒரு பழக்கம் உண்டு. "இது தெளிவா இருக்கா? இப்போ, இது தெளிவா இருக்கா?" என்று வில்லையை மாற்றுவார். நடுவில் ஒரு தடவை எடுத்த வில்லையையே திரும்பப் போடுவார். பாதிப் பேர், "ஆங், இப்போ நல்லாத் தெரியுது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏதோ மாற்றப்படுகிறது என்ற எண்ணமே கண்ணைத் துடைத்துவிடுகிறது.

இன்று மாலை அக்காவிடம், "ஒரு தடவை பழைய காயில், ஒரு தடவை புதுசு போட்டுத் தரேன், ஓட்டிப் பாரு. எது எதுன்னு சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் அரைச் சுற்று போய்வந்தாள். நான் பானெட்டைத் திறந்து, ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டி, மூடினேன். எதையும் மாற்றவில்லை. மறுபடி போய்வந்தாள்.

"ரெண்டாவதுதான். ரெண்டாவதுல ஒரு இழுவை இருக்கு" என்றாள் உறுதியாக.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. நான் தொடவே இல்ல."

"வார்டுல குழந்தைகளுக்குச் சர்க்கரைத் தண்ணியை மருந்துன்னு குடுக்கற வேலையை எங்கிட்டயே காட்டறியா?" என்று என் காதைத் திருகினாள். சிரிப்பும் கோபமும் சரிபாதி. அத்தானுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ நான் வாங்கினது தண்டம்ங்கறே."

"தெரியலன்னு சொல்றேன் அத்தான்."

"அதையும் சிரிக்காம சொல்றா பாரு."

அவர் மாடிக்குப் போய்விட்டார். நான் அவரைச் சிறுமைப்படுத்திவிட்டேனோ என்று இருக்கிறது. அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிற ஆளும் இல்லை. அக்கா அந்தச் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக மூன்று வாரமாகப் படித்துப் படித்து, தனக்குப் புரிந்த ஒரே பொருளை வாங்கியிருக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

விடிவதற்கு முன்பே மழை. கடைக்குப் போகும் முன் அக்காவோடு ஏறிக்கொண்டேன். மேம்பாலத்தின் பாதிகூடப் போகவில்லை. முன்பு இருமிய கார் இன்று வாந்தி எடுப்பதுபோலக் குலுங்கியது. அக்கா ஓரமாக ஒதுக்கி, அபாய விளக்கைப் போட்டு, முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து மறுபக்கம் இறக்கினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "டாக்டர் ஞாயித்துக்கிழமை வரட்டும்" என்று மட்டும் சொன்னாள். சாவியை என் கையில் வைத்தாள். அது ஈரமாக இருந்தது. மழை விட்டதும் காரை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

புதிய சாமான் போட்ட பிறகு மோசமாகியிருக்கிறது. நாள் முழுக்க வில்லை தேய்க்கும்போது இதுதான் ஓடியது. பொறி வலுவாகி, இடைவெளி கூடி, அதனால் கெட்டுப்போகிறது என்றால், அந்த வலுவான மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் எங்கேயோ ஓடுகிறது. ஈரம் பட்டால் ஓடுகிறது. ஏற்றத்தில், இன்ஜின் திணறும்போது, பிளக்கில் தாண்டுவது கடினம் என்பதால் சுலபமான வழியைத் தேடி ஓடுகிறது. ஜன்னல் இருப்பது உண்மைதான்.

மாலையில் கார் நிறுத்துமிடத்துக்குப் போனபோது அத்தான் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். பானெட் திறந்திருந்தது. அவரே பேச ஆரம்பித்தார்.

"எல்லாத்தையும் மாத்தியாச்சு. கேப் ஒண்ணுதான் பழசு. அதையும் நீ நல்லா இருக்குன்னுட்டே."

"கேப்பையும்தான் மாத்தினோமே. 1.3 வச்சேனே?"

"1.3-ஆ? மூடிக்கு என்ன 1.3?"

"மூடியா? எந்த மூடி?"

"கேப்! இதோ!" என்று டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் விரலால் தட்டினார். காயிலிலிருந்து வரும் மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மேல் ஒரு கறுப்பு மூடி. அதில்தான் எல்லா ஒயரும் செருகியிருக்கும். ஆங்கிலத்தில் அதற்கும் கேப்தான். பிளக்கின் இடைவெளிக்கும் கேப்தான். வாயால் சொன்னால் கொஞ்சம் வித்தியாசம் கேட்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து.

"நீங்க கேட்டது மூடியையா?"

"பின்னே? கடையில 'கேப்பும் பாருங்க'ன்னாங்க. உங்கிட்ட கேட்டேன். நாலையும் அளந்துட்டேன்னியே!"

"அத்தான், மூடியை எப்படி அளப்பாங்க?"

"எனக்கென்னம்மா தெரியும்? மேலே நாலு குமிழ் இருக்கு. அதை அளக்கறதுக்கு ஏதோ பெரிய படிப்பு இருக்கும்போலன்னு நெனச்சேன். வகுப்புக்கெல்லாம் போறியே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பக்கத்துக் காரில் ஏற வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் இரண்டு கிளிப்புகளை நெம்பி மூடியைக் கழற்றினேன். புதன்கிழமை ஒயர்களை வெளியிலிருந்தே பிடுங்கிச் செருகினேனே தவிர, இதை நான் திறக்கவே இல்லை.

அத்தான் டார்ச்சைப் பிடித்தார். மூடியின் உட்புறத்தில், நடுக் குமிழிலிருந்து ஓரம்வரை, பென்சிலால் இழுத்ததுபோல ஒரு சாம்பல் கோடு. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. முடி அளவு விரிசல். அதில் மின்சாரம் ஓடி ஓடிக் கரியாகிக் கிடந்தது.

"இதுவா?" என்றார் அத்தான்.

"இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கறேன்."

"இப்பவாவது சந்தேகத்தை விட்டுட்டு 'இதுதான்'னு சொல்லேன்!"

சொல்ல முடியவில்லை. அக்காவிடமும் இருவரும் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஆசை காட்டி ஏமாற்றக் கூடாது.

ஜூன் 14, சனி

புது மூடியை உதிரி பாகக் கடையில் வாங்கினோம். கவுண்டரில் அத்தான் மிகத் தெளிவாக, "கேப். தலையில போடறது. மூடி. நடுவுல இருக்கிற சந்து இல்ல" என்றார். கடைக்காரர், "தொப்பியாங்க?" என்றார்.

மூடி போட்டாயிற்று. பிளக் இடைவெளியைப் பழையபடி 0.8-க்குக் குறைத்தேன். மிச்சம் இருப்பது காயில். சிவப்பையே விட்டுவைப்பதா, பழையதைத் திரும்பப் போடுவதா?

எனக்குள்ளே ஓர் ஆள் பழையதைப் போடச் சொன்னாள். அப்போதுதான் குறை மூடியில் இருந்தது என்று சந்தேகமில்லாமல் தெரியும். ஆனால் அது அக்காவுக்காகவா, அத்தானுடைய காயில் வேண்டாத செலவு என்று நிரூபிப்பதற்காகவா? நாளைக்குப் போகப்போவது அக்காவின் கார்; என் பாடம் இல்லை. கடைசியில் உள்ளதை அப்படியே சொன்னேன்.

"மூடி சரியா இருந்தா ரெண்டு காயிலும் ஓடும் அத்தான். தெரு ஓட்டத்துல புதுசுக்குக் கூடுதலா ஒண்ணும் தெரியாதுன்னுதான் படறது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு இதுல நியாயமா யோசிக்க வரல."

அவர் சிவப்புக் காயிலை விரலால் தடவினார்.

"இத்தனை வருஷம் அவ ஓட்டினது பழசுலதான். அது அவளை ஏமாத்தல. இந்த மூடிதான் ஏமாத்தியிருக்கு." என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினார். "நானே கழட்டறேன். எந்தப் பக்கம் திருகணும்?"

தவறான பக்கம்தான் திருகினார். நான் திருத்தினேன்.

ஒயர்களும் பிளக்குகளும் புதியவையே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். பழையவை எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தன. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, நிறுத்துமிடத்து விளக்கை அணைத்துவிட்டு, செடிக்குத் தெளிக்கும் குப்பியால் மூடியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினேன். எங்காவது கசிந்தால் இருட்டில் நீலமாக மின்னும். மின்னவில்லை. இன்ஜின் ஒரே சீராக முனகியது.

சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னோம். கேப் கதையைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். ஆனால் கடைசியில், "குப்பித் தண்ணி மழை ஆகாது. இது செடியும் இல்ல" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் ஜன்னலைத் தட்டிய சத்தத்தில் விழித்தேன். மழை. சாதாரண மழை இல்லை. எதிர்வீடு தெரியாத மழை. அத்தான் கதவைத் தட்டி, "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்றார், விருந்தாளி வந்ததுபோல.

மேம்பாலத்தின் அடியில், மூடிக் கிடந்த ஒரு கடையின் கூரைக்குக் கீழே, இரண்டே இருக்கை என்பதால் இரண்டு நடையாக, அக்கா எங்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள்.

"ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. நீங்க பக்கத்துல இருந்தா உங்க மூஞ்சியைப் பார்ப்பேனா, ரோட்டைப் பார்ப்பேனா?"

போனாள். சிவப்பு வால்விளக்கு மழையில் கரைந்து மறைந்தது. கண்ணுக்குத் தெரியாததால் காதால் பார்த்தோம். இரண்டாவது கியர். மூன்றாவது. ஏற்றம் தொடங்குகிற இடம். இன்ஜின் சத்தம் கனத்தது, இன்னும் கனத்தது. இருமல் வரும் இடம் எனக்குத் தெரியும். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். ஒரு லாரி வந்து எல்லாச் சத்தத்தையும் விழுங்கியது. அது போன பிறகு மழை மட்டும்தான் கேட்டது.

"ஏறிட்டாளா?"

"தெரியல அத்தான்."

மறுபக்கம் இறங்கித் திரும்பி வர அதிக நேரம் ஆகாது. வரவில்லை. அத்தான் கூரைக்கு வெளியே போய் நனைந்துகொண்டே எட்டிப் பார்த்தார். நான் போனை எடுத்தேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது அழைத்தால் திட்டுவாள் என்று வைத்துவிட்டேன். பாலத்தின் உச்சியில் நின்றுவிட்டிருந்தால்? பின்னால் லாரி வந்திருந்தால்? நான் சொன்ன மூடிதான் தப்பான மூடியாக இருந்தால்? அத்தான் பாலத்தின் மேல் நடந்தே போய்ப் பார்க்கிறேன் என்று பேன்ட்டை மடித்துவிட்டார்.

அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து, நாங்கள் எதிர்பார்க்காத தெருவிலிருந்து, ஹாரன் சத்தம் வந்தது. துணிக்கூரையில் தண்ணீர் வழிய, கார் வந்து நின்றது. அக்கா கண்ணாடியை இறக்கினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எங்கடி போனே?" என்று அத்தான் கத்தினார்.

"பாலத்துல ஏறினேன். இறங்கினேன். திரும்பலாம்னுதான் பார்த்தேன். அவ்வளவு அழகாப் போச்சு, அப்படியே ஏரிப் பக்கம் போய் ஒரு சுத்து சுத்திட்டு, இன்னொரு தடவை பாலத்துல ஏறிட்டு வந்துட்டேன்."

"நாங்க இங்க செத்துட்டோம்!"

"இருமவே இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அத்தானைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டே இருக்கை என்பதால் அத்தான் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நனைந்தபடியே நடந்து வீட்டுக்கு வந்தார்.

மதியம் டாக்டர் வந்தார். அக்கா வாசலிலேயே, விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "ஓட்டியாவது காட்டுங்க" என்றார் அவர் நல்ல மனதோடு. கூட்டிப்போனாள். திரும்பி வந்ததும் டாக்டர் என்னிடம், "என்ன மாத்தினீங்க? ரேஸ் பார்ட்ஸா?" என்று கேட்டார்.

"ஒரு மூடி சார்" என்றேன்.

அத்தான் சிவப்புக் காயிலைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடைக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். என்ன எழுத்தில் அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. அது பயனற்ற பொருள் என்று நான் எழுத மாட்டேன். இந்தக் காருக்கு, இந்தத் தெருவுக்கு அது தேவைப்படவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நாளை அக்காவுக்குக் காலை ஷிப்ட். காரில் போகிறாள். பின்பக்க வலது டயரில் காற்று குறைவாக இருக்கிறது. அவள் கிளம்பும் முன் நான் கீழே போய் அதற்குக் காற்றடிக்க வேண்டும்.